ஈரல் கெடாத காமாலை: மஞ்சள் காட்டிலிருந்து வந்த ஒரு ரத்தச் சிதைவு

தன் உடலின் ரத்தச் சிவப்பணுக்களைத் தானே அழிக்கும் நோய்க்கு ஆட்டோஇம்யூன் ஹீமோலிட்டிக் அனீமியா என்று பெயர். தமிழில் தன்னெதிர்ப்பு ரத்தச் சிதைவுச் சோகை எனலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை புதிதாக இதற்கு ஆளாகிறார்கள். அரிய நோய்தான். ஆனால் மாவட்டத் தலைநகர் மருத்துவமனை எதுவும் இதைப் பார்க்காமல் பல ஆண்டுகள் ஓட்டிவிட முடியாது. கீழே வருவது தனி ஒருவரின் மருத்துவக் கோப்பு அல்ல. இந்நோயில் வழக்கமாக நேர்வனவற்றைக் கோத்து, கொங்குச் சூழலில் வைத்து எழுதிய மாதிரி நிகழ்வு.

வந்த நிலை

மாசி மாதம், மஞ்சள் வெட்டி வேகவைக்கும் பருவம். கொடுமுடிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் 42 வயதுப் பெண். எடை 54 கிலோ, உயரம் 152 செ.மீ. மூன்று வாரமாக அசதி. முன்பு இரண்டு குடம் தண்ணீரைச் சேர்த்துத் தூக்கியவர், அரைக் குடத்தோடு நடுவில் உட்கார வேண்டியிருந்தது. கண் மஞ்சளானதை வீட்டில் முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மஞ்சள் காய்கிற களத்தில் நிற்பவர் மஞ்சளாகத்தானே இருப்பார் என்று சிரித்துவிட்டார்கள். மஞ்சள் தூள் கையிலும் நகத்திலும் ஏறும். வெள்விழியில் ஏறாது.

பிறகு 'மஞ்சக்காமாலை' என்று முடிவாயிற்று. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து 11 நாள் குடித்தார், உப்பில்லாப் பத்தியம் இருந்தார். மஞ்சள் குறையவில்லை, மூச்சு வாங்குவது கூடியது. உள்ளூர் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தபோது, காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிரூபின் 4.6 என்று வந்தது. ஈரல் காமாலை என்ற எண்ணம் அத்தோடு உறுதிப்பட்டது. அதே தாளில், இரண்டு வரி தள்ளி, ஹீமோகுளோபின் 5.1 என்று, இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவாக, அச்சாகியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்கு வந்தபோது நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 100/60, மூச்சு நிமிடத்துக்கு 28. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98% காட்டியது. பல இடங்களில் இந்த எண்தான் ஆளை ஏமாற்றுகிறது. இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டுமே அந்தக் கருவி சொல்லும். ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஐந்து வண்டி ஓட வேண்டிய சாலையில் ஒரே வண்டி நிறைய ஆளோடு ஓடினாலும் ஆக்சிமீட்டர் 'நிறைந்திருக்கிறது' என்றுதான் காட்டும்.

மண்ணீரல் விலாவுக்குக் கீழே இரண்டு விரல் அளவு கைக்குத் தட்டுப்பட்டது. நெறிக்கட்டி இல்லை. மூட்டு வலி, முடி உதிர்தல், வாய்ப்புண் எதுவும் இல்லை. உடம்பில் அரிப்பும் இல்லை.

தாளில் இருந்த விடை

பிலிரூபின் மொத்தம் 4.6, அதில் நேரடி வகை, அதாவது ஈரல் பக்குவப்படுத்திய வகை, 0.7 மட்டுமே. ஈரல் சோதனையில் பார்க்கும் நொதிகளான எஸ்ஜிபிடி 26, எஸ்ஜிஓடி 78. ஈரல் அழற்சியானால் எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஏறியிருக்கும். பித்தக்குழாய் அடைப்பானால் நேரடி பிலிரூபின்தான் மிகுந்திருக்கும். இங்கே எஸ்ஜிஓடி மட்டும் உயர்ந்ததற்கு ஈரல் காரணமில்லை. அந்த நொதி சிவப்பணுவுக்குள்ளும் உண்டு, அணு உடைந்தால் வெளியே வரும். எல்டிஹெச் என்ற நொதி 1,040. அதுவும் அணுவுக்குள்ளிருந்து வந்ததே.

சிறுநீரைச் சோதித்தால் வேற்றுமை இன்னும் தெளிவாகும், அதற்கு நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை ஒன்று போதும். நேரடி வகையல்லாத பிலிரூபின் ஆல்புமினோடு பிணைந்திருப்பதால் சிறுநீரகம் அதை வெளியே விடாது. ஆகவே பட்டையில் பிலிரூபின் இல்லை என்றும், குடலில் பிலிரூபினிலிருந்து உருவாகும் யூரோபிலினோஜன் மிகுதி என்றும் வரும். இவருக்கும் அப்படியே வந்தது. மலம் வெளுக்கவில்லை, அடர்ந்த நிறத்தில் போயிற்று. கண் மஞ்சளாக இருந்து, சிறுநீர்ப் பட்டையில் பிலிரூபின் இல்லாமல், எஸ்ஜிபிடியும் சரியாக இருந்தால் ஈரலை விட்டுவிட்டு ரத்தத்தைப் பார்க்க வேண்டும். கீழாநெல்லியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த 11 நாளில் அதற்கு ஈரலில் செய்வதற்கு வேலையே இருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அன்று இரவு எடுத்த முழு ரத்த எண்ணிக்கை: ஹீமோகுளோபின் 4.8, ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 14%, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 112, வெள்ளணு 13,400, தட்டணு 2.6 லட்சம். ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு, 18%.

எம்சிவி 112 என்றதும் பி12 குறைவு என்று ஊசி போட்டு அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பி12 கடுமையாகக் குறைந்தாலும் எல்டிஹெச் எகிறும், நேரடியல்லாத பிலிரூபின் ஏறும், கண் மஞ்சளாகும். எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே அணுக்கள் பிறக்கும் முன் செத்துப்போவதால் அப்படி. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. பி12 குறைவில் அது தாழ்ந்திருக்கும், சிதைவில் உயர்ந்திருக்கும். ரெட்டிகுலோசைட் முதிர்ந்த அணுவைவிடப் பெரியது. எம்சிவியை 112-க்குத் தூக்கியது அந்த 18 சதவீதம்தான்.

18% என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மொத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது சதவீதம் ஊதித் தெரியும். 18-ஐ இவருடைய ஹீமடோகிரிட்டான 14-ஆல் பெருக்கி, வழக்கமான ஹீமடோகிரிட்டான 45-ஆல் வகுத்தால் 5.6. கடும் சோகையில் இளம் அணுக்கள் முன்னதாகவே வெளியே வந்து ரத்தத்தில் அதிக நாள் சுற்றுகின்றன, அதற்காக 2.5-ஆல் வகுத்தால் 2.2. இரண்டுக்கு மேல் இருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று பொருள். கிணறு ஊறுகிறது, வாய்க்கால் எங்கோ உடைந்திருக்கிறது. இந்நோயில் சிலருக்கு முதல் நாட்களில் ரெட்டிகுலோசைட் குறைந்தே இருப்பதும் உண்டு. மஜ்ஜை இன்னும் விழிக்காதது, ஃபோலிக் அமிலக் குறைவு, பார்வோ வைரஸ் தொற்று, இந்நோயில் சிவப்பணுவைத் தாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மஜ்ஜையின் இளம் அணுக்களையே தாக்குவது எனக் காரணம் பல. அப்படி வருபவர்கள்தான் மிக வேகமாகச் சரிவார்கள். ஆகவே அது குறைந்திருப்பதை மட்டும் வைத்து இந்நோயை ஒதுக்கிவிடக் கூடாது.

கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சைப் பார்த்தபோது, நடுவில் வெளிறல் இல்லாத சிறு உருண்டை அணுக்கள் நிறைய இருந்தன. இவை ஸ்ஃபெரோசைட். நீலம் தோய்ந்த பெரிய இளம் அணுக்களும் கருவுள்ள சிவப்பணுக்கள் சிலவும் தென்பட்டன. உடைந்த ஓட்டுத் துண்டு போன்ற அணுக்கள் இல்லை. அவை இருந்து தட்டணுவும் குறைந்திருந்தால், நுண்குழாய்களில் ரத்தம் உறையும் டிடிபி என்ற வேறு அவசர நோய். அதற்கு பிளாஸ்மா மாற்று வேண்டும், ஒரு இரவுகூடக் காத்திருக்க முடியாது. அதனால்தான் தகட்டை யாராவது உடனே கண்ணால் பார்த்தாக வேண்டும். இயந்திரத்தின் அச்சுத்தாள் மட்டும் போதாது.

கூம்ப்ஸ் சோதனை

1945-ல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ப்ஸ், ஆர்தர் மௌரன்ட், ராபர்ட் ரேஸ் மூவரும் வெளியிட்ட சோதனை இன்றும் இந்த நோயின் அச்சாணி. சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் எதிர்ப்பொருள் கண்ணுக்குத் தெரியாது. அந்த எதிர்ப்பொருளுக்கே ஒரு எதிர்ப்பொருளை (ஆன்டிக்ளோபுலின்) சேர்த்தால் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் பிணைந்து கொத்துக்கொத்தாகத் திரளும்.

செய்முறை எளிது, பிழை நேரும் இடங்கள்தான் அதிகம். ஊதா மூடிக் குழாயில், அதாவது ஈடிடிஏவில், எடுத்த ரத்தம் வேண்டும். உறைந்த ரத்தத்தில் செய்தால் எதிர்ப்பொருளுக்குத் துணைபுரியும் காம்ப்ளிமென்ட் புரதம் குழாய்க்குள்ளேயே அணுவில் ஒட்டி, இல்லாத நோயைக் காட்டும். அணுக்களை உப்புநீரில் மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். கழுவல் குறைந்தால் மிச்சமிருக்கும் பிளாஸ்மாவின் இம்யூனோகுளோபுலினே சோதனைத் திரவத்தைத் தின்றுவிடும், இருக்கிற நோய் இல்லை என்று வரும். கழுவி முடித்ததும் தாமதிக்காமல் 3 முதல் 5% கலவையில் ஒரு துளிக்கு இரண்டு துளி ஆன்டிக்ளோபுலின் திரவம் சேர்த்துச் சுழற்றி உடனே பார்க்க வேண்டும். எதிர்மறையாக வந்தால் 'செக் செல்' (ஏற்கெனவே எதிர்ப்பொருள் பூசிய அணு) சேர்த்து, திரவம் உயிரோடுதான் இருந்தது என்று உறுதி செய்ய வேண்டும். அந்தக் கடைசிப் படியைத்தான் அவசரத்தில் முதலில் விட்டுவிடுகிறார்கள். ஜெல் கார்டு முறையில் கழுவல் வேலை இல்லை, ஆகவே பிழையும் குறைவு.

இவருக்கு வந்த முடிவு: ஐஜிஜி (எதிர்ப்பொருளின் ஒரு வகை) 4+, சி3டி (காம்ப்ளிமென்ட் புரதத்தின் துண்டு) 1+. ஐஜிஜி 37 டிகிரியில், உடல் சூட்டிலேயே ஒட்டுவது, எனவே 'வெப்ப வகை'. இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினரே.

கூம்ப்ஸ் நேர்மறை என்பதாலேயே நோய் உறுதியாகிவிடாது. நல்ல உடம்போடு இருக்கிற ரத்தக் கொடையாளர் சிலருக்கும் அது நேர்மறையாக இருக்கும். சிதைவின் அடையாளங்களும் சேர்ந்திருக்க வேண்டும். மறுபக்கம், உண்மையான நோயாளிகளில் சுமார் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு வழக்கமான முறையில் எதிர்மறையாகவே வரும்.

உள்ளே நடப்பது

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஐஜிஜி ஒட்டிய அணு மண்ணீரலைக் கடக்கும்போது அங்குள்ள விழுங்கணுக்களான மேக்ரோஃபேஜ்கள் அந்த ஐஜிஜியின் வாலைப் பற்றுகின்றன. சில அணுக்களை முழுதாக விழுங்கும். சிலவற்றின் மேல்தோலை மட்டும் கடித்து எடுத்துவிட்டு மீதியை விட்டுவிடும். தோல் குறைந்து உள்ளடக்கம் அப்படியே இருந்தால் அணு உருண்டையாவதைத் தவிர வேறு வழியில்லை. தட்டையான அணு வளைந்து நெளிந்து நுழையும் சந்துகளில் உருண்டை சிக்கிக்கொள்ளும், அடுத்த சுற்றில் செத்துப்போகும். கண்ணாடித் தகட்டில் தெரிந்த ஸ்ஃபெரோசைட்டுகள் பாதி தின்னப்பட்டுத் தப்பி வந்தவை.

உடைப்பு ரத்தக் குழாய்க்குள் நடக்காமல் மண்ணீரலுக்குள் நடப்பதால் இரும்பு வீணாகவில்லை, திரும்பச் சேமிப்புக்குப் போகிறது. ஆகவே இவருக்கு இரும்பு மாத்திரை தேவையில்லை. உறவினர் கொண்டுவந்த மாதுளை, பேரீச்சை, பீட்ரூட் சாறு, ஆட்டு ஈரல் சூப் எல்லாம் சாப்பிடலாம், ஆனால் அவற்றால் ரத்தச் சிதைவு நிற்காது. இரவுபகலாக ஓடும் மஜ்ஜை ஃபோலிக் அமிலத்தைத்தான் தீர்த்துவிடுகிறது. அதற்குத் தினம் 5 மி.கி. மாத்திரை ஒன்று.

'ஒரு பைகூடச் சேரலீங்களா?'

இந்த நிகழ்வில் சிக்கல் நோயைக் கண்டுபிடிப்பதில் இல்லை, ரத்தம் ஏற்றுவதில்தான் இருந்தது.

ரத்த மையம் 'பி பாசிட்டிவ்' பைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது. ஒன்பது பையும் பொருந்தவில்லை. நோயாளியின் பிளாஸ்மாவில் மிதக்கும் தன்னெதிர்ப்பொருள் எல்லா மனிதரின் சிவப்பணுவிலும் இருக்கும் பொதுவான புரதத்தைத்தான் பிடிக்கிறது. ஆகவே 11 அணுக்கள் கொண்ட சோதனைத் தொகுப்பில் பதினொன்றும் திரண்டன, அவருடைய சொந்த அணுவும் திரண்டது. 'பொருந்தும் ரத்தம் இல்லை' என்ற தாள் வார்டுக்கு வந்தது.

"ஏனுங்க, அத்தன பை இருந்தும் ஒண்ணுகூடச் சேரலீங்களா? எங்க பங்காளிக பத்துப் பேரு கீழ நிக்கறாங்கங்க, யாரு ரத்தம் வேணுமோ எடுத்துக்குங்க" என்றார் கணவர். இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. சொந்தக்காரர் ரத்தம் இங்கே எந்த விதத்திலும் மேலானதல்ல, ஏனெனில் எதிர்ப்பொருள் பிடிப்பது எல்லாருக்கும் பொதுவான ஒன்றை. மிக நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றினால், கொடையாளரின் வெள்ளணுக்கள் நோயாளியைத் தாக்கும் அரிய, உயிருக்கே உலை வைக்கும் விளைவும் நேரலாம். கணவரின் ரத்தம் இன்னும் பொருத்தமற்றது. கருவுற்ற காலத்தில் குழந்தை வழியாக அவருடைய ஆன்டிஜென்களுக்கு (சிவப்பணுவின் மேலுள்ள அடையாளப் பொருள்களுக்கு) எதிராகத்தான் மனைவியின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பத்துப் பேரும் ரத்தம் கொடுக்கட்டும், மையத்தின் பொது இருப்பில் சேரட்டும் என்று சொல்லி அனுப்புவது இரு தரப்புக்கும் நல்லது.

பையை ஏற்றலாமா கூடாதா என்று முடிவெடுக்க ஒரு வேற்றுமையைப் புரிந்துகொள்ள வேண்டும். தன்னெதிர்ப்பொருள் ஏற்றிய ரத்தத்தையும் அழிக்கும், ஆனால் ஏறத்தாழ அவருடைய சொந்த அணுக்களை அழிக்கும் அதே வேகத்தில்தான். பை சில நாளாவது தாங்கும், அந்தச் சில நாளில் ஸ்டீராய்டு வேலையைத் தொடங்கிவிடும். உண்மையான ஆபத்து வேறு. தன்னெதிர்ப்பொருளின் கூச்சலுக்குப் பின்னால் இன்னொரு எதிர்ப்பொருள் ஒளிந்திருக்கலாம். முந்தைய பிரசவத்தாலோ ரத்தம் ஏற்றியதாலோ பிறருடைய ஆன்டிஜெனுக்கு எதிராக உருவான அல்லோ எதிர்ப்பொருள் அது. பிள்ளை பெற்றவர்களிடமும் முன்பு ரத்தம் ஏற்றியவர்களிடமும் இதைக் கணிசமான அளவில் காணலாம். இந்தப் பெண்ணுக்கு இரண்டு பிரசவம், இரண்டாவதன்போது 14 ஆண்டுக்கு முன் ஒரு பை ஏற்றியிருக்கிறார்கள். இதைக் கேட்டு அறிந்ததுதான் அன்றைய இரவின் மிகப் பயனுள்ள ஒரு நிமிடம்.

பொருத்தச் சோதனையில் 'குறைவாகத் திரளும் பை'யைத் தேர்ந்தெடுக்கும் பழைய வழக்கம் இதைத் தீர்க்காது. எந்தப் பை குறைவாகத் திரள்கிறது என்பது தன்னெதிர்ப்பொருளின் வலிமையைக் காட்டுமே தவிர, ஒளிந்திருப்பதைக் காட்டாது.

ஒளிந்திருப்பதை வெளிக்கொணரும் வழி அட்சார்ப்ஷன், அதாவது உறிஞ்சி நீக்குதல். நோயாளியின் சிவப்பணுவை நொதியால் பக்குவப்படுத்தி, அதையே அவருடைய பிளாஸ்மாவில் போட்டு 37 டிகிரியில் வைத்தால், மிதக்கும் தன்னெதிர்ப்பொருளை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று முறை திரும்பச் செய்த பிறகு பிளாஸ்மாவில் மிஞ்சுவது அல்லோ எதிர்ப்பொருள் மட்டுமே. நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது. சுற்றோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பிறர் அணுக்கள் அல்லோ எதிர்ப்பொருளையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அவர்களுக்கு, வகை தெரிந்த கொடையாளர் அணுக்களைக் கொண்டு செய்ய வேண்டும். ஆகவே முதல் பை ஏறுவதற்கு முன் எடுக்கிற குழாய்களுக்கு விலை மதிப்பில்லை. இவரிடம் ஊதா மூடிக் குழாய் மூன்று கூடுதலாக எடுத்து, கோவையில் இவ்வசதி உள்ள ஆய்வகத்துக்குக் காரில் அனுப்பப்பட்டது. சுமார் 100 கி.மீ., இரண்டு மணி நேரம்.

விடை வரும்வரை சும்மா இருக்கவில்லை. கூம்ப்ஸ் 4+ இருந்தாலும், ஐஜிஎம் என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளால் ஆன மோனோக்ளோனல் சோதனைத் திரவங்களைக் கொண்டு, ஆர்ஹெச் ரத்த வகைக் குடும்பத்தின் சி பெரியது, சி சிறியது, ஈ பெரியது, ஈ சிறியது (C, c, E, e) ஆகிய நான்கு ஆன்டிஜென்களையும் கெல் என்ற ஆன்டிஜெனையும் நம்பிக்கையோடு வகைப்படுத்த முடியும். உள்ளூர் மையத்திலேயே முடியும், அரை மணி வேலை. இவருக்குப் பெரிய ஈ இல்லை, சிறிய சி இல்லை, கெல் இல்லை. அதே வகை இந்தியரிடையே அரிதல்ல, இருப்பில் இரண்டு பை இருந்தன.

நள்ளிரவு தாண்டி 1.50-க்கு நெஞ்சில் அழுத்தம், ஈசிஜியில், இதயத்துக்கு ஆக்சிஜன் போதாததைக் காட்டும் எஸ்டி கீழிறக்கம். கோவை விடை வரவில்லை. அந்த வகைப் பையில் ஒன்று, பொருத்தச் சோதனையில் 'பொருந்தவில்லை' என்ற முத்திரையோடேயே, காரணத்தை எழுதி ஒப்புதல் வாங்கி ஏற்றப்பட்டது. இந்த முடிவைப் பற்றி எங்களுக்கு ஐயமில்லை. ஹீமோகுளோபின் 4.8-ல் நெஞ்சுவலி வந்தவரிடம், பொருந்தும் பைக்காகக் காத்திருப்பது பொருந்தாத பையைவிட ஆபத்து.

வேகக் கணக்கு இது. கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி. என்றால் 54 கிலோவுக்கு மணிக்கு 54 மி.லி. குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே வந்த பை நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நான்கு மணியில் 216 மி.லி., ஏறத்தாழ ஒரு பை. முதல் 15 நிமிடம் இன்னும் மெதுவாக, ஆளை விட்டு நகராமல். பாதிப் பை ஏறியதும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். மேலே நிற்கும் பிளாஸ்மா இளஞ்சிவப்பானாலோ சிறுநீர் சிவந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். இவருக்குப் பிளாஸ்மா மஞ்சளாகவே இருந்தது. இலக்கு 10 அல்ல. நெஞ்சுவலி நின்று ஹீமோகுளோபின் 6-ஐ ஒட்டி வந்தால் போதும். காலையில் 5.7, வலி இல்லை, இரண்டாவது பை அன்று தேவைப்படவில்லை.

காலை 7 மணிக்குக் கோவை விடை: பெரிய ஈக்கு எதிரான அல்லோ எதிர்ப்பொருள் இருக்கிறது. வகை பார்க்காமல் கைக்குக் கிடைத்த பையை ஏற்றியிருந்தால் அதில் பெரிய ஈ இருந்திருக்கலாம்.

ஸ்டீராய்டு, அதோடு கூட வருபவை

பிரட்னிசலோன் கிலோவுக்கு 1 மி.கி. என்ற கணக்கில் தினம் 50 மி.கி., முதல் வேளை அன்று இரவே, பிறகு தினமும் காலையில் சாப்பிட்ட பின். ஸ்டீராய்டு முதலில் மேக்ரோஃபேஜின் பிடியைத் தளர்த்துகிறது, எதிர்ப்பொருள் உற்பத்தி குறைவது பிறகுதான். ஆகவே கூம்ப்ஸ் அப்படியே 4+ இருக்கும்போதே ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கும். முதல் வாரத்தில் அதைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதில் பயனில்லை.

7-ஆம் நாள் 6.9, 14-ஆம் நாள் 9.0, 21-ஆம் நாள் 10.6. மூன்று வாரத்தில் அசைவே இல்லையென்றால் அடுத்த மருந்துக்குப் போக வேண்டும். சும்மா நீட்டுவதில் பயனில்லை.

ஸ்டீராய்டு தொடங்கும் முன்பும் முதல் பைக்கு முன்பும் எடுத்த ரத்தத்தில் பார்த்தவை பல. லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்க்காக ஏஎன்ஏ சோதனை. லிம்ஃபோமா, நாட்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகீமியா என்ற புற்றுநோய்கள் இரண்டும் இந்நோய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதால் வயிற்று ஸ்கேனும் வெள்ளணு வகைப் பிரிப்பும். மருந்து வரலாறும் முக்கியம். செஃப்ட்ரியாக்சோன், பைபராசிலின், மெத்தில்டோபா போன்றவை சிதைவைத் தூண்டும். 'காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க' என்பதோடு விடாமல், எந்த ஊசி என்று சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். இவருக்கு எதுவும் இல்லை. மண்ணீரல் 15 செ.மீ., மற்றவை சரி. அடிப்படைக் காரணம் தென்படாத வகை.

சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் அளவு அன்று சரியாக வந்தது, ஆனால் நம்பவில்லை. அந்த நொதி குறைந்த முதிய அணுக்கள் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும், மிஞ்சிய இளம் அணுக்களில் நொதி நிறைய இருக்கும். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஜி6பிடி குறைவு பெரும்பாலும் ஆண்களைத் தாக்கும், அதில் கூம்ப்ஸ் எதிர்மறையாக இருக்கும். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டைகூட அவர்களுக்குச் சிதைவைக் கிளப்பும். நீலகிரிப் பழங்குடியினரிடமிருந்து ஒருவர் சிதைவோடு வந்தால் அரிவாளணு நோய்க்கான சோதனையும் அன்றே செய்ய வேண்டும்.

தோட்டத்தில் வெறுங்காலோடு ஈர மண்ணில் வேலை செய்பவருக்கு ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு உடலில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருக்கும். ஸ்டீராய்டு கிடைத்ததும் பெருகி, நுரையீரல் வரை பரவி ஆளைக் கொல்லும். மலச்சோதனையில் அது எளிதில் பிடிபடாது. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், இவருக்கு 12 மி.கி. வீதம் இரண்டு நாள், புழு பெருகும் முன்பே கொடுக்கப்பட்டது. மார்பு எக்ஸ்ரே காசநோய்க்காக. படுக்கையில் இருந்த நாட்களில் தினம் எனாக்சாபரின் 40 மி.கி. தோலுக்கடியில். சோகையாய் இருப்பவருக்கு ரத்தம் உறையாத ஊசியா என்று வீட்டார் திகைப்பது இயல்பு. ஆனால் சிதைவு தீவிரமாக இருக்கும்போது காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது.

சர்க்கரையில் ஒரு பொறி இருக்கிறது. ஆறாவது வாரம் இவருடைய எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 4.1% வந்தது, சர்க்கரை நோய் இல்லை என்று எழுதிவிடலாம் போல. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரையோ 284. எச்பிஏ1சி ஏற, அணு மூன்று மாதமாவது சர்க்கரையில் ஊற வேண்டும். சில வாரமே வாழ்ந்த அணு எதையும் காட்டாது. இந்நோயில் அந்தச் சோதனையை நம்பக் கூடாது. காலையில் விழுங்கும் பிரட்னிசலோன் சர்க்கரையை மதியத்திலும் மாலையிலும்தான் ஏற்றும், வெறும் வயிற்றில் பார்த்தால் தப்பிவிடும்.

திரும்ப வந்தது

ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியதும் மாத்திரை குறைப்பு தொடங்கியது. சில வாரங்களில் 20 மி.கி., அதன் பிறகு மாதத்துக்கு 5 மி.கி., கடைசியில் 2.5 மி.கி. என்று, மொத்தம் நான்கு முதல் ஆறு மாதம் வரை போக வேண்டிய கணக்கு. பத்தில் ஏழெட்டுப் பேர் ஸ்டீராய்டுக்கு இணங்குகிறார்கள். ஆனால் மருந்து முழுதும் நின்ற பின்னும் நோய் திரும்பாமல் இருப்பவர் மூன்றில் ஒருவர் அளவே. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பத்தாவது வாரம், 20 மி.கி.யில் இருந்தபோது, உறவில் ஒரு கல்யாணம். முகம் நிலாபோல் உப்பியிருந்ததால் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டார். ஒன்பது நாளில் தலைசுற்றல், வாந்தி, கண் மறுபடி மஞ்சள். ஹீமோகுளோபின் 7.2. தலைசுற்றலும் வாந்தியும் சோகையால் மட்டும் வந்தவை அல்ல. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் அட்ரீனல் சுரப்பி தூங்கிவிட்டது. திடீரென நிறுத்தினால் உடலில் கார்ட்டிசால் இருக்காது, ரத்த அழுத்தம் சரியும். 'முகம் வீங்கும், குறைக்கக் குறைக்க வடியும், நீங்களா நிறுத்துனா ஆபத்துங்க' என்ற மூன்று துண்டு வாக்கியத்தை மருந்துச்சீட்டிலேயே தமிழில் எழுதித் தருவது வாய்வார்த்தையைவிட வேலை செய்யும்.

பிரட்னிசலோன் மறுபடி 50 மி.கி. தொடங்கி, கூடவே ரிடுக்சிமாப் முடிவாயிற்று. எதிர்ப்பொருளைச் செய்யும் பி அணுக்களின் வம்சத்தையே குறைக்கும் மருந்து. சதுர மீட்டருக்கு 375 மி.கி., வாரம் ஒன்று, நான்கு வாரம். இவருடைய உடல் பரப்பு 1.51 சதுர மீட்டர், ஆகவே 566 மி.கி. மருந்து 500 மி.கி., 100 மி.கி. குப்பிகளில் வருகிறது. செலவு தாங்காதவர்களுக்கு வாரம் 100 மி.கி. என்ற நிலையான அளவை நான்கு முறை கொடுக்கும் முறையும் உண்டு. வெப்ப வகையில் அதுவும் நல்ல பலன் தந்திருக்கிறது. காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அனுமதி நிலவரத்தைக் கேட்டுவிட வேண்டும்.

பாராசிட்டமாலும் ஒவ்வாமை மாத்திரையும் கொடுத்த பின், மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி அரை மணிக்கு 50 வீதம் கூட்டலாம், உச்சம் 400. நடுக்கம், தொண்டை அரிப்பு வந்தால் நிறுத்தி, அடங்கியபின் பாதி வேகத்தில் தொடரலாம். ரத்த அழுத்த மாத்திரை போடுபவர்கள் அன்று காலை அதைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

ரிடுக்சிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். இப்போதுள்ள தொற்றைக் காட்டும் எச்பிஎஸ்ஏஜி மட்டும் போதாது, எப்போதோ வந்த தொற்றையும் காட்டும் ஆன்டி-எச்பிசியும் வேண்டும். இவருக்கு முன்னது எதிர்மறை, பின்னது நேர்மறை. எப்போதோ வந்துபோன தொற்று ஈரலில் உறங்குகிறது. ரிடுக்சிமாப் அதை எழுப்பினால் ஈரலே செயலிழக்கலாம். இங்கேதான் முதல் பைக்கு முன் எடுத்து வைத்த குழாய் மறுபடி உதவியது. ரத்தம் ஏற்றிய பின் பார்த்திருந்தால், அந்த எதிர்ப்பொருள் கொடையாளரிடமிருந்து வந்ததா இவருடையதா என்று தெரிந்திருக்காது. வைரஸ் டிஎன்ஏ தென்படவில்லை. வைரஸை அடக்கும் என்டெகாவிர் 0.5 மி.கி. தினம் ஒன்று, முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன் தொடங்கி, கடைசி ஊசிக்குப் பின் 18 மாதம் வரை.

பலன் தெரிய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம். அதுவரை பிரட்னிசலோனை விடக் கூடாது. இவருக்கு ஐந்தாவது வாரம் 9.8, பத்தாவது வாரம் 11.7. ஆறாவது மாதத்தில் பிரட்னிசலோன் முழுதும் நின்றது. இதுவும் தோற்றிருந்தால் அசதயோபிரின், மைக்கோஃபீனோலேட், இல்லையேல் மண்ணீரலை எடுப்பது. எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் வேண்டும். ரிடுக்சிமாபுக்குப் பின் சுமார் ஆறு மாதம் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, ஆகவே முடிந்தால் ரிடுக்சிமாபுக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

குளிர் வகையாக இருந்திருந்தால்

இதே கண், இதே அசதி. ஆனால் மார்கழி விடியலில் ஆற்றுத் தண்ணீரில் கை வைத்ததும் விரல் நீலம் பாரிக்கும், ஊட்டி, வால்பாறைக் குளிரில் சிறுநீர் கருக்கும். கூம்ப்ஸில் சி3டி மட்டும் நேர்மறை. இங்கே ஐஜிஎம் எதிர்ப்பொருள் குளிரில்தான் ஒட்டும். ஊதாக் குழாயை வெளிச்சத்தில் சாய்த்தால் சுவரில் மணல் மணலாக ஒட்டியிருக்கும். கொத்தை ஒரே அணுவாக எண்ணி இயந்திரம் எம்சிவி 130, எம்சிஎச்சி (அணுவில் ஹீமோகுளோபினின் செறிவு) 40 என்று நடக்காத எண்ணைத் தரும். குழாயை 37 டிகிரியில் அரை மணி வைத்துத் திரும்ப ஓட்டினால் எண்கள் சரியாகும். மலையிலிருந்து மாதிரியைக் கீழே அனுப்பும்போது ஐஸ் பெட்டியில் வைத்தால் வேலை கெட்டது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய ஃபிளாஸ்க்கில் குழாயை வைத்து அனுப்ப வேண்டும்.

ஸ்டீராய்டு இதில் பெரிதாக உதவாது. மாதக்கணக்கில் பிரட்னிசலோன் கொடுத்து சர்க்கரையையும் எலும்புத் தேய்வையும் மட்டும் சம்பாதித்தவர்கள் உண்டு. உடலைச் சூடாக வைப்பது, ரத்தம் ஏற்றினால் வார்மர் வழியாக ஏற்றுவது, தேவைப்பட்டால் ரிடுக்சிமாப், இவை முக்கிய வழிகள்.

பதினான்காம் மாதம்

ஹீமோகுளோபின் 12.2, ரெட்டிகுலோசைட் 1.6%, எல்டிஹெச் 210. மூன்றாம் மாதமும் பிறகும் பார்த்த ஜி6பிடி சரி. எச்பிஏ1சி இப்போதுதான் நம்பத்தக்கது, 5.6%. கூம்ப்ஸ் இன்னும் ஐஜிஜி 1+. சிதைவு இல்லாதவரை அந்த ஒற்றைப் பிளஸ்ஸுக்காக மருந்து தொடங்க வேண்டியதில்லை. என்டெகாவிர் தொடர்கிறது. காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறது.

கைப்பையில் ஒரு அட்டை, கணவரின் சட்டைப்பையில் அதன் நகல். அதில் இருப்பவை: பி பாசிட்டிவ், பெரிய ஈ, சிறிய சி, கெல் இல்லாத ரத்தம் மட்டும், பெரிய ஈக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டு, வெப்ப வகைத் தன்னெதிர்ப்பு ரத்தச் சிதைவு, ரிடுக்சிமாப் பெற்ற மாதம், என்டெகாவிர் நிறுத்தக் கூடாத தேதி. அல்லோ எதிர்ப்பொருள் சில ஆண்டில் ரத்தத்தில் தென்படாத அளவுக்குத் தேய்ந்துவிடும். அப்போது எந்த மையத்தின் சோதனையிலும் அது வராது, ஆனால் பொருந்தாத ஒரு பை ஏறினால் சில நாட்களில் திரும்ப எழும். அன்றைக்கு அந்த அட்டையில்தான் அது இருக்கும்.